மலை ஏறினால் ஏன் களைக்கிறது?

(தோட்டத்துத் தாய்மார் கூட்டமொன்றில் எமது சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



களைத்துப்போய் வந்திருப்பவர்களிடம் இன்றைக்குக் களைப்பைப் பற்றியே பேசப்போகிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். அரை மணித்தியாலம் கால் நீட்டி உட்கார்ந்து கேளுங்கள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஓர் அக்கா எங்களிடம் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறோம். "முன்னெல்லாம் நிரையிலே நான்தாங்க முன்னுக்கு நிப்பேன். இப்ப பாதி மலை ஏறுறதுக்குள்ளே நெஞ்சு படபடன்னு அடிக்குது. கண்ணு இருட்டுது. நிறுவைக்குப் போனா கிலோ காணாது. 'கதைச்சுக்கிட்டு நின்னியா'ன்னு கேக்கிறாங்க. வீட்டுக்கு வந்தா 'வரவர உனக்குச் சோம்பல் கூடிப்போச்சு'ங்கிறாங்க. எனக்கே நான் சோம்பேறியாப் போயிட்டேனோன்னு இருக்குங்க" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அந்த அக்காவின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது ஈமோகுளோபின் 8 இருந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இரத்தச்சத்து இல்லாத உடம்போடு அவர் நாள்தோறும் மலை ஏறியிருக்கிறார். அவரைச் சோம்பேறி என்பதா, இல்லை கெட்டிக்காரி என்பதா? நீங்களே சொல்லுங்கள்.

களைப்பு என்பது உடம்பு கொடுக்கும் ஒரு சேதி. அந்தச் சேதியை வாசிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் இன்றைய பேச்சு.

உடம்பும் ஓர் அடுப்புத்தான்

நம் வீட்டு அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எரிவதற்கு விறகு வேண்டும், காற்றும் வேண்டும். விறகு இருந்து காற்று இல்லாவிட்டால் புகையும். காற்று இருந்து விறகு இல்லாவிட்டால் அணைந்துபோகும். நம் தசைகளும் அப்படித்தான். சோறு, ரொட்டி, பருப்பு இவைதான் விறகு. நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசன்தான் காற்று.

தசைக்குள்ளேயே கொஞ்சம் சக்தி எப்போதும் தயாராக இருக்கும். அது சில வினாடிக்குத்தான் வரும். அதற்குத் துணையாக இன்னொரு கையிருப்பு உண்டு. அதையும் சேர்த்தால் ஏறக்குறைய பத்து வினாடி. கூடையைத் தூக்கி முதுகில் மாட்டுவதற்கு அது போதும். மலை ஏறப் போதாது. அதற்குப் பிறகு அடுப்பு எரிந்தே ஆக வேண்டும்.

செங்குத்தான ஏற்றத்தில் வேகமாக ஏறினால் இதயமும் நுரையீரலும் கொண்டுவந்து கொடுக்கும் ஒட்சிசன் தசைக்குப் போதாமல் போகும். அப்போது தசை சர்க்கரையைப் பாதி உடைத்து அந்தச் சக்தியில் ஓடும். அதில் லக்டிக் அமிலம் என்பது உண்டாகும். "களைப்புக்கும் கைகால் உளைச்சலுக்கும் இந்த அமிலம்தான் காரணம்" என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். தசை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்த ஹில், மையர்ஹோப் என்ற இருவருக்கு 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலம் தொட்டு இந்தக் கதை நீண்ட நாள் நின்றது. இன்றைக்கு அதைத் திருத்திச் சொல்கிறார்கள். அந்தப் பொருள் நஞ்சு இல்லை. அதை இதயம் எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. ஈரல் அதைத் திரும்பச் சர்க்கரையாக்கித் தசைக்கு அனுப்புகிறது. இந்தச் சுற்றைக் கண்டுபிடித்தவர்கள் கோரி என்ற கணவனும் மனைவியும். 1947இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ஏற்றத்தில் கால் ஏன் தளர்கிறது? கடுமையாக வேலை செய்யும் தசைக்குள் பொசுபேற்று முதலான கழிவுகள் சேருகின்றன. தசையைச் சுருங்கச் செய்யும் கல்சியம் சரியாக வெளியே வருவதில்லை. நாம் "இழு" என்கிறோம், தசையால் இழுக்க முடியவில்லை. சற்று நின்று மூச்சு வாங்கினால் அந்தக் கழிவு நீங்கிவிடும். அதனால்தான் இரண்டு நிமிடம் நின்றால் மறுபடி ஏற முடிகிறது. அந்த இரண்டு நிமிடம் களவு வேலை அல்ல, உடம்பு கேட்கிற கூலி.

இன்னொன்று. லீவிலே இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை உளைகிறதே, அதற்கும் லக்டிக் அமிலம் காரணமில்லை. அது ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். உளைச்சலுக்குக் காரணம் தசை நாரில் விழும் மிக நுண்ணிய கிழிசல்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அவை கூடுதலாக விழும். கூடையோடு இறக்கத்தில் இறங்குகையில் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது அல்லவா? அதுதான். மூன்று நாலு நாளில் தானாக ஆறும். அதனால் சுகமில்லாமல் இருந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள் முதல் நாளே பழைய வேகத்துக்குப் போக வேண்டாம்.

வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போவது

இங்கே எத்தனை பேர் காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணியோடு மட்டும் வேலைக்குப் போகிறீர்கள்? கை தூக்க வேண்டாம், எங்களுக்குத் தெரியும். விடிய நாலரைக்கு எழும்பி, பீலியில் தண்ணீர் எடுத்து, பிள்ளைக்கு ரொட்டி சுட்டு, புருஷனுக்குச் சாப்பாடு கட்டி, பிள்ளையைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடுகிற ஓட்டத்தில் தாய் சாப்பிடுவது மட்டும் விட்டுப்போகிறது.

ஈரலில் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரைதான் சேமித்து வைக்க முடியும். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததில் அதில் பெரும்பங்கு முடிந்திருக்கும். தசையில் தனியாகச் சேமிப்பு உண்டு. ஆனால் தசை தன்னுடையதை வேறு யாருக்கும் கொடுக்காது. மூளை ஈரலை நம்பித்தான் இருக்கிறது. காலை பத்து மணிக்குக் கண் இருட்டுவதும், கை நடுங்குவதும், காரணமில்லாமல் எரிச்சல் வருவதும் அநேகமாக இதனால்தான்.

ஒரு ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டுப் போங்கள். முடியாவிட்டால் துணியில் முடிந்துகொண்டு போய் முதல் நிறுவையில் தின்னுங்கள். அவித்த கடலை, பயறு, மரவள்ளி எதுவானாலும் நல்லது. பெரிய செலவு வேண்டியதில்லை. மத்தியானச் சோற்றை எல்லோரும் தின்ற பிறகு மீதியைத் தின்பது என்ற வழக்கத்தையும் விடுங்கள். மலை ஏறுகிறவள் முதலில் தின்னட்டும்.

தண்ணீர் குடிக்காத காரணம்

குளிர்நாட்டில் தாகம் தெரியாது. ஆனாலும் வியர்க்கும். மழைக்குக் கட்டிய பொலித்தீன் சீற்றுக்கு உள்ளே எவ்வளவு ஈரம் என்று பாருங்கள். அதில் மழை கொஞ்சம், வியர்வை மிச்சம். கீழ்நாட்டுத் தோட்டங்களிலோ சொல்லவே வேண்டாம், வெயிலே எரித்துவிடும். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் குறைந்தாலே வேலைத்திறன் குறையத் தொடங்கும். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அது ஒரு லீற்றரைவிடக் குறைவு. தண்ணீர் குறைந்தால் இரத்தத்தின் அளவு குறையும். இதயம் அதே வேலைக்கு அதிக தடவை அடிக்க வேண்டும். தலைவலியும் வரும்.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் நம் பெண்கள் ஏன் குடிப்பதில்லை? மலையில் ஒதுங்க இடமில்லை. அதுதான் உண்மை. காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். குடித்தால் போகவேண்டி வருமே என்று குடிக்காமலே விடுகிறார்கள். சிறுநீர் எரிச்சலும் கிருமித்தொற்றும் அதனால்தான் வருகின்றன. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியவர்கள் பெண்கள் அல்ல. மலையில் மலசலகூடம் வேண்டும் என்று மாதர் சங்கத்திலும், தொழிற்சங்கத்திலும், நிருவாகத்திடமும் சத்தமாகவே கேளுங்கள். இந்த நம்பிக்கை நிதியத்திடமும் கேளுங்கள். அதுவரை, கொதித்தாறிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய் ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

அசையாத தோள் ஏன் உளைகிறது?

விரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, அது அவ்வளவாக உளையவில்லை. கழுத்தும் தோளும் அசையாமல் இருக்கின்றன, அவைதான் உளைகின்றன. வேடிக்கையாக இல்லையா? சுருங்கி விரியும் தசைக்குள் இரத்தம் வந்து போகும். ஒரே நிலையில் இறுகி நிற்கும் தசை தன் இரத்தக்குழாயைத் தானே நெரித்துக்கொள்ளும். காற்று அடைபட்ட அடுப்பு மாதிரி. தலையில் கயிற்றை மாட்டிக் கூடையைச் சுமப்பவர்களுக்குக் கழுத்துத்தசை நாள் முழுக்க அப்படித்தான் நிற்கிறது. நிரை மாறும்போதெல்லாம் அரை நிமிடம் கூடையைக் கழற்றி, தோளைச் சுழற்றி, கழுத்தை இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். கவ்வாத்து வெட்டுகிற, முள்ளுக் குத்துகிற அண்ணன்மாருக்கும் இதேதான்.

மனதும் களைக்கும்

இத்தாலி நாட்டில் மொசோ என்ற விஞ்ஞானி இருந்தார். 1890ஆம் ஆண்டளவில் ஒரு சின்னக் கருவி செய்தார். கையைக் கட்டி வைத்து, ஒரு விரலால் மட்டும் ஒரு பாரத்தை இனி முடியாது என்கிறவரைக்கும் தூக்க வைப்பார். அவரோடு வேலை செய்த ஓர் ஆசிரியரின் விரல் வழக்கமாக நிறையத் தடவை தூக்கும். ஆனால் மாணவர்களுக்கு நீண்ட நேரம் பரீட்சை வைத்துவிட்டு வந்த அன்றைக்கு அதே விரலால் வெகு கொஞ்சம்தான் தூக்க முடிந்தது. விரல் வேலை ஏதும் செய்யவில்லை, களைத்தது மூளை. மூளை களைத்தால் தசையும் களைக்கும்.

நித்திரை இல்லாத தாய்க்கும், கடன் கவலையுள்ள தாய்க்கும், குடித்துவிட்டு வரும் புருஷனுக்குப் பயந்து கிடக்கும் தாய்க்கும் கூடை கூடுதலாய்க் கனக்கும். இது மனப்பிரமை இல்லை, உடம்பின் கணக்கு. வாசலில் நிற்கிற அண்ணன் தம்பிமார் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய காரணம்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். விறகு இருக்கிறது, மூச்சும் நன்றாக வருகிறது. ஆனால் நுரையீரலில் இருக்கும் ஒட்சிசனைக் காலுக்குச் சுமந்துபோக ஆள் வேண்டுமே. அந்த ஆள்தான் இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபின். அது செய்யப்படுவது இரும்புச்சத்தினால்.

கொழுந்துக் கணக்கில் சொல்கிறோம். மலையில் எவ்வளவு கொழுந்து பறித்துக் குவித்தாலும் கொண்டுபோக லொறி வராவிட்டால் ஸ்டோருக்கு என்ன போய்ச் சேரும்? ஈமோகுளோபின் 14 உள்ளவரின் 100 மில்லிலீற்றர் இரத்தம் ஏறக்குறைய 19 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். 8 உள்ளவருடையது ஏறக்குறைய 11தான் சுமக்கும். லொறிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நின்றுபோய்விட்டது என்று வையுங்கள். மிச்ச லொறிகள் விழுந்தடித்து ஓட வேண்டும். நெஞ்சு படபடக்கிறது என்கிறோமே, அது இந்த ஓட்டத்தின் சத்தம்தான். மூச்சு வாங்குவதும் இதனால்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் தெரியும். ஆளைப் பார்த்தால் நோயாளி மாதிரி இருக்காது. அதனால்தான் சோம்பேறி என்ற பெயர் வருகிறது.

இது எங்கள் சொந்தக் கதை அல்ல. நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலேயே பார்த்த உண்மை. 1970களில் அமெரிக்க ஆய்வாளரும் இலங்கை வைத்தியரும் சேர்ந்து இங்கே தோட்டத் தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். இரத்தம் குறைந்தவர்களுக்கு இரும்புச்சத்துக் கொடுத்தார்கள். சிலருக்கு இரத்தமே ஏற்றினார்கள். அந்த ஆய்வு 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. ஈமோகுளோபின் கூடியபோது பறித்த கொழுந்தும் கூடியது. மிகவும் குறைவாக, 6க்கும் 9க்கும் இடையில் இருந்தவர்களுக்குத்தான் முன்னேற்றம் அதிகம். இன்னொரு விசயமும் கண்டார்கள். மூன்று வாரம் இரும்புச்சத்து எடுத்தவர்கள், வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட நாள் முழுக்கக் கூடுதலாக நடமாடினார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை, அதட்டவில்லை. இரத்தம் ஊறியது, உடம்பு தானே எழும்பியது.

ஆகவே அந்த அக்காவுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "உங்க மனசிலே குறை இல்லைம்மா. இரத்தத்திலேதான் குறை. அதைச் சரி செய்யலாம்."

இரத்தம் எப்படிக் குறைகிறது?

ஒரு பெண்ணின் உடம்பில் உள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் ஒரு சின்ன ஆணியின் எடைதான் இருக்கும். அதிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் போகிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றால் நிரப்ப நேரமில்லை.

அடுத்தது கொக்கிப்புழு. வெறுங்காலில் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தொங்கி இரத்தம் குடிக்கும். அமெரிக்காவின் தென்பகுதியில் இந்தப் புழு ஏழை மக்களிடம் பரவிக்கிடந்ததை 1902இல் ஒரு விஞ்ஞானி எடுத்துச் சொன்னபோது, அங்கே பத்திரிகைகள் அதற்குச் "சோம்பல் கிருமி" என்று பெயர் வைத்துக் கேலி செய்தன. அதுவரை அந்த ஏழைகளுக்கும் சோம்பேறிகள் என்றுதான் பெயர். பார்த்தீர்களா, எங்கே போனாலும் இதே பேச்சுத்தான்! 1916இல் இலங்கையிலும் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் புழுவுக்கு எதிரான வேலை ஆரம்பமானது. மலசலகூடமும் காலில் செருப்பும் இதற்கு நல்ல மருந்து. வைத்தியர் தரும் பூச்சி மாத்திரையையும் தவறாமல் போடுங்கள். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் கழித்து, மருத்துவிச்சி சொன்ன பிறகே போடலாம்.

மூன்றாவது, அடுப்புப்புகை. புகையில் காபனோரொட்சைட்டு என்ற வாயு இருக்கிறது. அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். இருக்கிற லொறியிலும் வேறு ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? பீடி, சிகரட் புகையிலும் இதே வாயுதான். லயத்துக் குசினிக்குப் புகைபோக்கி வையுங்கள். முடியாவிட்டால் சமைக்கும்போது கதவையும் பலகணியையும் திறந்து வையுங்கள்.

நான்காவதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அது தேத்தண்ணி.

சோற்றோடு தேத்தண்ணி வேண்டாம்

தேயிலையில் பறித்து, தேயிலையில் பிழைத்து, தேத்தண்ணியே குடிக்காதே என்று சொல்ல நாங்கள் வரவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. நாங்களும் குடிக்கிறவர்கள்தான். ஆனால் எப்போது குடிக்கிறோம் என்பதில்தான் விசயம் இருக்கிறது.

தேயிலையின் துவர்ப்பு, பருப்பிலும் கீரையிலும் ரொட்டியிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். குடல் அதை உறிஞ்ச முடியாமல் வெளியே போய்விடும். பாணோடும் சோற்றோடும் தேநீர் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1975இல் வந்தது. இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறைந்துபோனதை அதில் காட்டினார்கள். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் அந்தக் கெடுதி குறைகிறது என்று 2017இல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது.

ஆகவே ஒரே ஒரு மாற்றம் கேட்கிறோம். சாப்பாட்டோடும், சாப்பிட்ட கையோடும் தேத்தண்ணி வேண்டாம். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். காசு செலவில்லை. அதற்குப் பதிலாகச் சோற்றுக்கோ சம்பலுக்கோ ஒரு தேசிக்காயைப் பிழிந்துகொள்ளுங்கள். கொய்யாப்பழம் கிடைத்தால் ஒன்று தின்னுங்கள். புளிப்பில் உள்ள சத்து இரும்பை உள்ளே இழுத்துவிடும். முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, பருப்பு, கௌப்பி நல்லவைதான்; ஆனால் அவற்றிலுள்ள இரும்பு கொஞ்சம்தான் உடம்பில் ஒட்டும். நெத்தலிக் கருவாடு, மீன், இறைச்சி, ஈரல் கொஞ்சம் சேர்ந்தால் அவற்றின் இரும்பும் சேரும், கீரையின் இரும்பையும் இழுத்துக்கொண்டு வரும். வீட்டில் வாங்குகிற சின்னத்துண்டுக் கருவாடு ஆம்பிளைகளின் தட்டுக்கு மட்டும் போக வேண்டாம்.

இரும்பு மாத்திரை

கிளினிக்கில் தரும் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்து பெட்டியில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "குமட்டுதுங்க, மலம் கறுப்பாப் போகுதுங்க" என்கிறார்கள். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயமில்லை. குமட்டினால் இரவு படுக்கப் போகும்போது போடுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தாமல் மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள், வேறு வழி சொல்வார். தேத்தண்ணியோடோ பாலோடோ விழுங்க வேண்டாம். தண்ணீரோடு அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்குங்கள். கல்சியம் மாத்திரையும் தந்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம்.

இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு தெம்பாகத் தெரியும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். இரத்தம் சரியான பிறகும் சேமிப்பு நிறைய ஏறக்குறைய மூன்று மாதம் போட வேண்டும். மாத்திரையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். சின்னப் பிள்ளை ஒரு பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு எச்சரிக்கை. இரத்தக்குறைவு எல்லாமே இரும்புக் குறைவு இல்லை. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயும் நம் நாட்டில் உண்டு. அதனால் பக்கத்து வீட்டுக்காரியின் மாத்திரையை வாங்கிப் போடாமல், முதலில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். களைப்போடு சேர்த்து அடங்காத தாகம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், கால் வீக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, எடை குறைதல் இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் தனியாக ஒரு சொல். உங்களுக்கு ஈமோகுளோபின் குறைந்தது 11 இருக்க வேண்டும். பிரசவத்தில் எல்லாத் தாய்க்கும் இரத்தம் போகும். கையிருப்பு உள்ளவள் தாங்குவாள். கையிருப்பு இல்லாதவளுக்கு அதே அளவு இரத்தம் போனாலும் உயிரே போகலாம். மலையில் கண் இருட்டியது முன்கூட்டி வந்த எச்சரிக்கை. அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட்டால், பிள்ளை பெறும் அறையில் அதற்கு விலை கொடுக்க வேண்டி வரும்.

கடைசியாக

கங்காணிமாருக்கும் கணக்கப்பிள்ளை ஐயாமாருக்கும் பணிவாக ஒன்று கேட்கிறோம். எப்போதும் முன்னுக்கு நின்றவள் நாலு வாரமாகப் பின்னுக்கு நின்றால், ஏசுவதற்கு முன்னால் "இரத்தம் பார்த்தியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் சுகமானால் அவளுக்கும் பேர் நிறைகிறது, உங்களுக்கும் கிலோ நிறைகிறது.

புருஷன்மாரே, மாமியார்மாரே, நாளைக்குக் காலையில் அவள் பிரட்டுக்குப் போகுமுன் தின்றாளா என்று பாருங்கள். ஒரு குடம் தண்ணீரை நீங்கள் எடுத்து வையுங்கள். அந்தக் கால் மணித்தியாலம்தான் அவள் சாப்பிடும் நேரம்.

தாய்மாரே, களைப்பை மறைத்து வைக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் கையை நீட்டி இரத்தத்தைக் கொடுங்கள், என்ன இலக்கம் வந்தது என்று கேட்டு, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ பறித்தோம் என்று நமக்கு நாள்தோறும் தெரிகிறது. நம் உடம்பில் எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்த அக்கா இப்போது எப்படி என்று கேட்பீர்கள். மாத்திரை போடுகிறார், பூச்சி மருந்தும் எடுத்தார், தேத்தண்ணியைத் தள்ளிக் குடிக்கிறார். இரண்டு மாதத்தில் 8 இருந்தது 10 ஆகியிருக்கிறது. இன்னும் 12 ஆகவில்லை. "இப்ப வளைவு வரைக்கும் நிக்காம ஏறிடுறேங்க" என்று சிரிக்கிறார். எங்களுக்கு அது போதும்.

வெளியே தேத்தண்ணி தயாராக இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, அதனால் இப்போது பயப்படாமல் குடிக்கலாம்!